டாக்டரை நான் பேச விடவில்லை, அத்தான்

என்றும் என் நெஞ்சிலிருக்கும் பெருமாள் அத்தானுக்கு,

இனிமேல் பஸ் ஓட்ட வேண்டாம் என்று டாக்டர் சொன்ன பிறகு, உங்களை மறுபடியும் ஸ்டீரிங்குக்கு முன்னால் உட்கார வைத்தவன் நான். நீங்கள் என்னைக் கேட்கவில்லை. அக்காவும் கேட்கவில்லை. நானாகப் போய்ச் சண்டை போட்டு, தகுதி இருக்கிறது என்று எழுதி வாங்கி வந்து, உங்கள் கையில் கொடுத்தேன். ஒரு மனிதரின் கால் நசுங்கியது அதற்குப் பிறகு. நீங்கள் போய்ச் சேர்ந்ததும் அதற்குப் பிறகுதான். நடந்த தவறு இது. இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல முடியும்.

நம் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலருக்கு உங்களைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். "ரோடே இல்லாத காலத்துல குடியேற வந்தவங்களை லாரியில ஏத்திக் காட்டுக்குள்ள கொண்டுபோய் விட்டவரு. அதை நல்லா எழுதுங்க" என்றார் செயலாளர். எழுதலாம். மரக்கட்டைகளைச் சேற்றில் போட்டு அதன்மேல் நீங்கள் லாரி ஏற்றியதையும், பின்னால் சட்டி பானையோடு உட்கார்ந்திருந்த ஜனங்கள் கண்ணை மூடிக்கொண்டதையும் நான் பக்கத்திலிருந்து பார்த்தவன். ஆனால் அதை மட்டும் எழுதினால் உங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. நம் ஊர் ஜங்லிகாட் டீக்கடையில் உங்களைப் பற்றி இப்போது வேறு பேச்சு நடக்கிறது. பெருமாளுக்கு மூளை குழம்பிப் போயிருந்தது, சம்பளத்துக்காக மறைத்து மறைத்து ஓட்டினான் என்று பேசுகிறார்கள். உங்கள் பேர் அப்படிக் கெட்டுக் கிடக்கும்போது நான் மரக்கட்டைப் பாதையைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தால் அது இன்னொரு தவறு. அதனால் உங்களுக்கே கடிதமாக எழுதுகிறேன். போட மனமிருந்தால் அவர்கள் அச்சில் போடட்டும்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் நான் என்னவெல்லாம் நினைத்துக்கொண்டு செய்தேன் என்பது உங்களுக்குத் தெரியாது.

சர்க்கார் லாரியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, வண்டூருக்கும் போர்ட் பிளேருக்கும் நடுவே தனியார் பஸ் ஒன்றை நீங்கள் ஓட்டிக்கொண்டிருந்தீர்கள். லைசென்ஸ் புதுப்பிக்கும் தவணை வந்தது. வயதானவர் என்பதால் டாக்டர் பார்த்துச் சர்டிபிகேட் தர வேண்டும் என்றார்கள். டாக்டர் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்து இறங்கிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. வடக்கத்திக்காரர், தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. "நீயும் கூட வா மாப்ள, எதுக்கும் நல்லது" என்றீர்கள். டயர் பட்டறையைப் பூட்டிவிட்டு வந்தேன்.

நான் திரைச்சீலைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே கண் பார்க்கிறார், கழுத்தைத் திருப்பச் சொல்கிறார், கையைக் காலை நீட்டச் சொல்கிறார் என்பது சத்தத்தில் தெரிந்தது. பிறகு ஞாபகசக்தி பார்க்கக் கேள்வி கேட்டார். அன்றைக்குப் புதன்கிழமை.

"கல் கோன்சா தின்?"

நீங்கள் கொஞ்சமும் தயங்காமல் "குருவார்" என்றீர்கள், வியாழக்கிழமை என்று.

படிக்கிறவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தியில் நேற்றுக்கும் கல்தான், நாளைக்கும் கல்தான். வாக்கியத்தின் கடைசியில் வரும் சொல்லை வைத்துத்தான் எது என்று பிரித்துக்கொள்ள வேண்டும். இந்தத் தீவில் வங்காளியும் தெலுங்கரும் மலையாளியும் நாமும் சேர்ந்து பேசிப் பேசி அந்தக் கடைசிச் சொல்லைத் தேய்த்துத் தொலைத்துவிட்டோம். நம்மிடம் பேச வேண்டும் என்று அந்த டாக்டரும் நம்மைப் போலவே வெட்டிப் பேசினார். அவர் கேட்டது நேற்று என்ன கிழமை என்று. நீங்கள் சொன்னது நாளை என்ன கிழமை என்று. பதில் சரி, கேள்விதான் அரைகுறை.

டாக்டர் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்து, அத்தனை பேர் முன்னால், "கல் கா தின் பீ நஹீ மாலூம்" என்றார். கிழமைகூடத் தெரியவில்லை, இவர் எப்படி பஸ் ஓட்டுவார் என்றார். நீங்கள் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே தலை குனிந்து வந்தீர்கள்.

அவர் அன்று செய்ததை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. வயதான ஒரு மனிதரின் குறையைத் திரைக்கு உள்ளே வைத்துச் சொல்ல வேண்டும். அவருக்குப் புரிகிற பாஷையில் ஒருமுறைக்கு இரண்டுமுறை கேட்டிருக்க வேண்டும். நான் தவறு செய்தேன் என்பதற்காக அவர் செய்தது சரியாகிவிடாது. சுடலைமுத்துக் கிழவன் டாக்டரிடம் பணிந்துவிட்டான் என்று யாரும் என் முதுகில் தட்ட வேண்டாம்.

வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்கு ரத்தம் கொதித்தது. நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பது நினைவிருக்கிறதா?

"விடு மாப்ள. டாக்டரே சொல்லிட்டாருல்லா. இனி யாரு என்ன கேக்க முடியும்?"

"உங்களைக் கிறுக்கன்னு சொல்லியிருக்கான் அத்தான்."

"சொல்லிட்டுப் போறான். இனிமே காலையில எந்திரிச்சு ஓடாண்டாம் பாரு."

உங்கள் குரலில் இருந்தது அவமானம் என்று நினைத்தேன். அவமானப்பட்டவன்தான் அதை மறைக்க லேசாகப் பேசுவான் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அப்படி நினைக்க எனக்குத் தோதாக இருந்தது.

ஏன் தோதாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் பள்ளிக்கூடம் போகாதவன். கப்பலைவிட்டு இறங்கிய காலத்தில் எனக்கு இந்தி தெரியாது. ரேஷனுக்கு நின்றால், "மதராசி, பீச்சே ஹட்" என்று பின்னால் தள்ளுவார்கள். ரேடியோவைக் கேட்டும், கடைப் பலகைகளை எழுத்துக்கூட்டிப் படித்தும், டயர் மாற்ற வந்த டிரைவர்களிடம் கேட்டும் நானாகக் கற்றுக்கொண்டேன். யாராவது ஒரு வடக்கத்திக்காரன் அவனுடைய பாஷையிலேயே என்னிடம் மாட்ட வேண்டும் என்று இத்தனை வருஷமாகக் காத்திருந்தேன். அந்தக் ‘கல்’ என் கையில் வந்து விழுந்தது. உங்களுக்காகப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு என்னுடைய பழைய சண்டையைப் போடப் போனேன், அத்தான். உங்கள் தோளில் ஏறி நின்றுகொண்டு போட்டேன்.

மறுநாள் நான் மட்டும் டாக்டரிடம் போனபோது பெஞ்சு நிறைய ஜனம். நல்லதாயிற்று என்று நினைத்தேன்.

"டாக்டர் சாப், கல் மானே க்யா?" என்று கேட்டேன். கல் என்றால் என்ன?

அவருக்குப் புரியவில்லை. "கல் மானே கல்."

"நேற்றா, நாளையா? நீங்கள் கேட்டது எது?"

பெஞ்சிலிருந்த ஒரு மலையாளி ஆசாரி முதலில் சிரித்தார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் "சாப் கோ பீ நஹீ மாலூம்" என்றார், டாக்டருக்கே தெரியவில்லையாம் என்று. அதற்குமேல் ஒருவரும் அடக்கிக்கொள்ளவில்லை. அந்தச் சிரிப்பு என் தலைக்கு ஏறியது. குருவார் என்பது சரியான பதில் என்று விளக்கினேன். பாதிக் கேள்வி கேட்டுவிட்டு முழு மனிதரைக் கிறுக்கனாக்குவது எந்த ஊர் வைத்தியம் என்று கேட்டேன். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிறுத்தி, ஜனங்கள் சிரித்து முடிக்கும் வரை காத்திருந்து அடுத்ததைச் சொன்னேன்.

டாக்டரின் காது சிவந்துவிட்டது. சின்ன வயதுக்காரர். கையை உயர்த்தி, "தூஸ்ரி பாத் பீ ஹை" என்றார். வேறு விஷயமும் இருக்கிறது. "உன்கா பாயா தரஃப்..." என்று ஆரம்பித்தார். அவருடைய இடது பக்கம், என்று.

நான் முடிக்க விடவில்லை. "பஹலே கல் கா ஜவாப் தோ, சாப்" என்றேன். முதலில் கல்லுக்குப் பதில் சொல்லுங்கள்.

ஜனம் கைதட்டாத குறை. டாக்டர் என்னைப் பார்த்தார், பெஞ்சைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போட்டு நீட்டினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. இந்தக் கூச்சல் வெளியே போனால் போதும் என்று போட்ட கையெழுத்து அது. ஒரு டாக்டர் வெட்கத்தில் போடுகிற கையெழுத்தை நம்பி ஒரு பஸ் நிறைய ஜனம் ஏறலாமா? அன்றைக்கு எனக்கு இந்தக் கேள்வி தோன்றவில்லை. "உன்கா பாயா தரஃப்" என்பதற்கு அடுத்த சொல் என்னவாக இருக்கும் என்றும் தோன்றவில்லை.

உங்களிடம் கொடுத்தபோது காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். "பரவாயில்லையே, வாங்கிட்டியே" என்றீர்கள். அடுத்த திங்களிலிருந்து பஸ்ஸில் ஏறினீர்கள். ஊரில் உங்களுக்குக் ‘கல் டிரைவர்’ என்று பேர் விழுந்தது. என்ன கல் டிரைவர், பஸ் இன்னைக்கு வருமா நாளைக்கு வருமா என்று கேட்பார்கள். அந்தப் பேரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் பெருமை. டாக்டரை மடக்கிய கதை அதற்குள் இருக்கிறதே.

வண்டூரில் மீன்கூடையோடு ஏறுகிற ஸ்டெல்லா அக்காவை முன்பக்கம் இடது ஓரத்தில் உட்காரச் சொல்வீர்கள். "அங்க உக்காந்து எனக்கு வழி சொல்லு தாயி. ஆடு மாடு வந்தாச் சொல்லு."

"ஏன், ஓங்களுக்குக் கண்ணு என்ன ஊருக்குப் போயிருக்கா?"

"ஆமா, லீவு போட்டுட்டு மெயின்லேண்டுக்குப் போயிருக்கு. அடுத்த கப்பல்ல வரும்."

பஸ் முழுக்கச் சிரிக்கும். நானும் ஒருநாள் அந்த பஸ்ஸில் இருந்து சிரித்தேன். நீங்கள் கழுத்தைத் திருப்பாமல் உடம்பையே திருப்பி இடது பக்கம் பார்ப்பதையும் அன்றைக்குக் கண்ணால் கண்டேன். கண்டும், வயதாகிவிட்டது, முதுகுப் பிடிப்பு என்று விட்டுவிட்டேன்.

மழைக்காலத்தில் ஒரு காலை. எதிரே மரம் ஏற்றிய லாரி வந்தது. ஒதுங்க இடது பக்கம் பஸ்ஸை எடுத்தீர்கள். சைக்கிளில் கத்தரிக்காய் மூட்டையோடு ஹரிபதா நின்றுகொண்டிருந்தார். வங்காளத்திலிருந்து வந்து குடியேறிய விவசாயி, நம்மோடு ஒரே காலத்தில் கப்பலைவிட்டு இறங்கியவர். ஸ்டெல்லா அக்கா அன்றைக்குச் சந்தைக்கு வரவில்லை. பஸ்ஸின் பக்கவாட்டுத் தகரம் ஹரிபதாவை இழுத்துத் தள்ளி, பின் சக்கரம் காலில் ஏறியது. கண்டக்டர் விசிலடித்த பிறகுதான் உங்களுக்குத் தெரிந்தது. இறங்கி வந்து நின்றுகொண்டு, "எங்கேருந்து வந்தாரு இவரு?" என்று கேட்டீர்களாம். "அங்கனதான நின்னாரு" என்றாளாம் பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு பெண்.

அதற்குப் பிறகு நீங்கள் ஸ்டீரிங்கைத் தொடவில்லை. லைசென்ஸை நீங்களே கொண்டுபோய்க் கொடுத்தீர்கள். அந்த மழை ஓய்வதற்குள் நெஞ்சு அடைத்துப் போய்விட்டீர்கள். "எல்லாம் உன்னாலதான் மாப்ள" என்று ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நான் எதிர்வாதம் பண்ணியிருப்பேன் என்று தெரிந்துதான் விட்டுவிட்டீர்களா?

என் அக்கா பேச்சியும் சொல்லவில்லை. இப்போதும் போனால் சோறு போடுகிறாள். "இன்னும் கொஞ்சம் வைக்கட்டா" என்று மட்டும் கேட்பதில்லை. போன மாதம் நானே வாயைத் திறந்தேன். அத்தானுக்கு இடது பக்கம் தெரியாதது உனக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியாம? இடது பக்கம் வச்ச டம்ளரைத் தட்டிவிட்டுக்கிட்டே இருந்தாவ. நான் எல்லாத்தையும் வலது பக்கமா மாத்தி மாத்தி வச்சேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீ கேட்டியால? டாக்டர்ட்ட கத்தப் போறதுக்கு முந்தி இந்த வீட்டு வாசப்படி ஏறுனியா?" சோற்றுச் சட்டியை மூடிவிட்டுச் சொன்னாள். "டாக்டர் வேண்டாம்னு சொன்ன அன்னைக்கு வந்து படுத்தாவ பாரு. எத்தன நாளைக்குப் பொறவு அப்படிக் கொறட்ட விட்டுத் தூங்குனாவ. நான் எழுப்பவே இல்ல. மறுநா நீ அந்தச் சீட்டத் தூக்கிட்டு வந்து நிக்க."

அத்தான், இருபது வருஷத்துக்கு மேல் இந்தத் தீவின் இந்தியில் புழங்கியவர் நீங்கள். மெயின்லேண்ட் அதிகாரிகளை ஏற்றிக்கொண்டு போய் அவர்கள் பேச்சைக் கேட்டவர். டாக்டர் கேட்டது நேற்றா நாளையா என்று உங்களுக்கு நிஜமாகவே புரியவில்லையா? கண் போய்விட்டது என்று வாயால் சொன்னால் ஒரு டிரைவர் அதோடு தீர்ந்தான். அதைச் சொல்ல முடியாமல், கிறுக்கன் என்ற பேரையாவது வாங்கிக்கொண்டு இறங்கிவிடலாம் என்று நினைத்தீர்களா? எனக்குத் தெரியாது. இனிமேல் தெரியவும் போவதில்லை. தெரிந்தது ஒன்றுதான். உங்களுக்கு ஒரு கதவு திறந்தது, நான் போய் அதைச் சாத்தினேன். மறைத்து மறைத்து ஓட்டினான் என்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன். அவர் ஓட்டவில்லை. நான் ஓட்ட வைத்தேன்.

ஹரிபதாவைப் பார்க்க வண்டூருக்குப் போனேன். கோல் ஊன்றித்தான் நடக்கிறார். வயலில் இறங்க முடியாது, மகன்தான் பார்த்துக்கொள்கிறான். எனக்கு டீ கொடுத்தார். உங்களைப் பற்றி ஒரு சொல் குறைவாகப் பேசவில்லை. உங்கள் லாரியில்தான் முதல்முதலாக இந்தப் பக்கம் வந்தாராம், குழந்தைகளை முன்னால் உங்கள் பக்கத்தில் உட்கார வைத்தீர்களாம். பிறகு கேட்டார்.

"பெருமாள் பாய் அச்சா ஆத்மி தா. இத்னா உமர் மே உன்கோ சலானே கோ கோன் போலா?"

நல்ல மனிதர், இந்த வயதில் அவரை யார் ஓட்டச் சொன்னது? பஸ் முதலாளிதான் நெருக்கியிருப்பான் என்று நினைத்துக் கேட்கிறார். ஊரெல்லாம் இந்தி பேசி மடக்குகிறவன் நான். பதில் சொல்ல ஒரு சொல் வரவில்லை. டீயைக் குடித்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன். பஸ்ஸுக்கு நேரம் ஆகவில்லை. ரோட்டோரத்தில் வெகு நேரம் நின்றேன்.

இங்கே ஒரு செய்தி. எனக்கும் தவணை வந்துவிட்டது. பட்டறை ஜீப்பை இன்னும் நான்தான் ஓட்டுகிறேன். பொழுது சாயும்போது எதிர் வெளிச்சம் என் கண்ணில் கலங்கித் தெரிகிறது. இதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை, உங்களிடம்தான் சொல்கிறேன். அதே டாக்டரிடம்தான் போக வேண்டும். இப்போது அவர் நன்றாகத் தமிழ் பேசுகிறாராம். என்னைக் கண்டால் அடையாளம் தெரியுமோ என்னவோ.

இனி ஆக வேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன். இதில் ஒன்றையும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

டாக்டர்கள், வயதான டிரைவரை அவருடைய பாஷையில் கேட்க வேண்டும். பாஷை தெரியாவிட்டால் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், ஆனால் என்னைப் போன்ற மச்சினனை அல்ல. கிழமை கேட்டது போதும் என்று விடாமல் பக்கப் பார்வை, கழுத்து, கால், இருட்டுப் பார்வை எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். சந்தேகமிருந்தால் வண்டியில் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து ஒரு சுற்றுப் போய் வர வேண்டும். வேண்டாம் என்றால் ஏன் வேண்டாம் என்று அவருக்கு மட்டும், மெதுவாகச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு எவன் வந்து கத்தினாலும் மாற்றிக் கையெழுத்துப் போடக் கூடாது. வீட்டுக்காரியைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்க வேண்டும். டம்ளர் எந்தப் பக்கம் விழுகிறது என்பது அவளுக்குத்தான் தெரியும்.

பஸ் முதலாளிகள், இறங்கி வருகிற டிரைவருக்கு ஷெட்டிலோ டிக்கெட் ஜன்னலிலோ உட்கார ஒரு இடம் கொடுக்க வேண்டும். அந்த இடம் இருந்தால் பாதிப் பேர் தாமாகவே சாவியைக் கொடுத்துவிடுவார்கள். பயணம் போகிற ஜனங்கள், எனக்கு வழி சொல்லு என்று டிரைவர் வேடிக்கையாகச் சொன்னால் சிரிக்காமல் ஏன் என்று கேட்க வேண்டும். சொந்தக்காரர்கள், அவர் சார்பில் சண்டைக்குப் போவதற்கு முன் அவரிடம் உட்கார்ந்து, உனக்கு ஓட்டப் பிரியமா என்று கேட்க வேண்டும். கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்.

செயலாளர் இதை ஒரு வரி வெட்டாமல் போட வேண்டும். டீக்கடையில் படிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும்.

நான், வருகிற புதன்கிழமை டாக்டர் முன்னால் போய் உட்கார வேண்டும். அவர் என்ன சொன்னாலும் முழுவதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். வேண்டாம் என்றால் ஜீப் சாவியை அன்றைக்கே மருமகனிடம் கொடுத்துவிட வேண்டும். அதற்கு முன்னால், இந்த ஞாயிற்றுக்கிழமை வண்டூர் போக வேண்டும். ஹரிபதாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அச்சில் போட்டுவிட்டேன் என்று நான் தப்பித்துக்கொள்ள முடியாது. அவர் வீட்டு முற்றத்தில் நின்று, உங்களை ஓட்டச் சொன்னது நான்தான் என்று வாயால் சொல்ல வேண்டும். போவேன், அத்தான். சொல்லாமல் திரும்ப மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் பேச்சியின் தம்பி, உங்கள் மச்சினன்
சுடலைமுத்து
ஜங்லிகாட்